ரேடானின் சேய் அணுக்கள் காற்றுத் தூசியில் ஒட்டுவது எப்படி? கிரானைட் பூமியிலிருந்து ஒரு விவாத இழை

மத்திகிரி வாசகர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஓசூரை அடுத்த மத்திகிரிப் பக்கம் புதிதாக வீடு கட்டிக் குடியேறியிருக்கிறோம். தரை முழுவதும் கிரானைட், சமையல் மேடையும் கிரானைட். மார்கழி, தை மாதங்களில் இங்கே இருக்கும் குளிருக்கு மாலை ஐந்து மணிக்கே சன்னல்களை அடைத்துவிடுகிறோம். பூசையறையில் ஊதுபத்தி, இரவில் கொசுவர்த்திச் சுருள் என்று வீட்டுக்குள் எப்போதும் ஏதாவது ஒரு புகை இருந்துகொண்டே இருக்கிறது. கிரானைட்டிலிருந்து ரேடான் என்ற கதிரியக்க வாயு வரும், அது நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து இதைப் பற்றித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. ரேடான் என்பது ஹீலியம், நியான் வரிசையில் வரும் மந்த வாயு. எதனுடனும் எளிதில் சேராதது. மூச்சோடு உள்ளே போனால் மூச்சோடு வெளியே வந்துவிட வேண்டும். அப்படியிருக்க, அது நுரையீரலில் தங்கிக் கேடு செய்வது எப்படி? அடுத்தது, காற்றில் தூசியும் புகையும் இருப்பது இந்த விஷயத்தில் நல்லதா, கெட்டதா? இரண்டு விதமாகவும் படித்தேன். விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

காவேரிப்பட்டணம் இயற்பியல் ஆசிரியை எழுதியது:

உங்கள் முதல் ஐயத்திலேயே விடைக்கான வழி இருக்கிறது. ரேடான் மந்தமானது என்பது முற்றிலும் உண்மை; உள்ளே இழுத்த ரேடானில் மிகப் பெரும்பகுதி சிதையாமல் அப்படியே வெளியேறிவிடுகிறது. ஆனால் ரேடான்-222 இன் அரைவாழ்வு, அதாவது அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம், 3.82 நாள். அது ஓர் ஆல்பா துகளை உமிழ்ந்து சிதையும் நொடியில் அந்த இடத்தில் இருப்பது மந்த வாயு அன்று. பொலோனியம்-218 என்ற உலோகத்தின் தனி அணு. அது வேதி வினைக்குத் துடிக்கும் அணு. நாம் பேச வேண்டியது ரேடானைப் பற்றி அல்ல, அதன் சேய்களைப் பற்றி.

அந்த அணு பிறக்கும் விதத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் பின்னால் வரும் எல்லாமே இதைச் சார்ந்தது. ரேடான் உமிழும் ஆல்பா துகள் 5.49 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு ஒரு பக்கம் பாய, எதிர்ப்பக்கம் பொலோனியம் அணு ஏறத்தாழ 1 லட்சம் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு உதைத்துத் தள்ளப்படுகிறது. காற்று மூலக்கூறுகளில் மோதி மோதி அது ஒரு மில்லிமீட்டரின் சிறு பின்னத்துக்குள் ஓய்ந்துவிடும். அந்த மோதல்களில் எலெக்ட்ரான்கள் உரிக்கப்படுவதால், ஓயும்போது 100 அணுக்களில் ஏறக்குறைய 88 நேர் மின்னூட்டத்தோடு நிற்கின்றன. 1901 இல் எல்ஸ்டர், கைட்டல் என்ற இரு ஜெர்மானிய இயற்பியலாளர்கள் எதிர் மின்னேற்றம் பெற்ற கம்பியைத் திறந்தவெளியில் கட்டி வைத்து, அதில் கதிரியக்கம் படிவதைக் கண்டது இதனால்தான். பள்ளியிலும் இதைச் செய்து காட்டலாம்: பலூனைத் துணியில் உரசி மூடிய அறையில் அரை மணி நேரம் தொங்கவிட்டு, காற்றை வெளியேற்றிக் கைகர் கருவியின் அருகே வைத்தால் எண்ணிக்கை உயர்ந்திருக்கும், அரை மணி முதல் முக்கால் மணிக்குள் அது பாதியாகக் குறையும்.

ஓய்ந்த பொலோனியம் அணு தனியாக நீடிப்பதில்லை. காற்றில் உள்ள ஆக்சிஜனோடு உடனே சேர்ந்து ஆக்சைடாகிறது. பிறகு நீராவி மூலக்கூறுகளும் பிற சுவடு வாயுக்களும் அதைச் சூழ்ந்துகொள்ள, ஏறத்தாழ 1 நானோமீட்டர் அளவுள்ள ஒரு சிறு கொத்து உருவாகிறது. அதே வேளையில் அதன் மின்னூட்டமும் பெரும்பாலும் நடுநிலையாகிவிடுகிறது. ஆல்பா துகள் போன வழியில் நீர் மூலக்கூறுகள் உடைந்து உருவாகும் ஹைட்ராக்சில் போன்ற வேதிப்பொருள்கள் இதற்கு வழிசெய்கின்றன. காற்றின் ஈரப்பதமும் நைட்ரஜன் டைஆக்சைடு போன்ற வாயுக்களின் அளவும் இதன் வேகத்தை மாற்றுகின்றன. இத்தனையும் நடந்து முடிய ஒரு நொடியும் ஆகாது.

இந்தக் கொத்து காற்றில் மிக விரைவாக அலைகிறது. அதன் விரவல் கெழு, அதாவது காற்றில் அது பரவும் விரைவைக் காட்டும் எண், ஒரு நொடிக்கு 0.05 முதல் 0.08 சதுர சென்டிமீட்டர் வரை. தனி வாயு மூலக்கூறுக்குச் சற்றே குறைவு, தூசித் துகளைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். அலைந்துகொண்டே எந்தப் பரப்பில் மோதினாலும் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். அந்தப் பரப்பு சுவராக இருக்கலாம், மிதக்கும் தூசியாக இருக்கலாம், நம் மூச்சுக்குழலின் உட்சுவராகவும் இருக்கலாம். இந்த மூன்றுக்கும் இடையிலான போட்டிதான் உங்கள் இரண்டாவது ஐயத்தின் உள்ளடக்கம்.

பர்கூர் குவாரி மேற்பார்வையாளர் எழுதியது:

டீச்சர் எழுதியதைப் படித்தவுடன் எனக்கு ஒன்று தோன்றுகிறது. எங்கள் தொழிலில் தூசிக்குக் குறைவே இல்லை. ஜாக்ஹாமர் போடும்போதும் கிரஷர் ஓடும்போதும் பக்கத்தில் நிற்பவரின் முகமே தெரியாது. அவ்வளவு தூசி இருந்தால் அந்தப் பொலோனியம் அணுக்கள் எல்லாம் கல்தூசியிலேயே ஒட்டிக் கீழே விழுந்துவிட வேண்டுமே? அப்படியானால் குவாரியில் வேலை செய்பவர்களுக்கு இந்த வகையில் ஆபத்துக் குறைவு என்று கொள்ளலாமா?

காவேரிப்பட்டணம் இயற்பியல் ஆசிரியை எழுதியது:

ஐயா, மிகவும் அவசியமான கேள்வி. கண்ணுக்குத் தெரியும் தூசி வேறு, இந்த அணுக்களைப் பிடிக்கும் தூசி வேறு. கிரஷரிலிருந்து எழும் தூசியின் எடையில் பெரும்பகுதி சில மைக்ரான் முதல் பல பத்து மைக்ரான் வரை உள்ள பெரிய துகள்களில் இருக்கிறது. ஒரு கன சென்டிமீட்டரில் அவற்றின் எண்ணிக்கையைப் பார்த்தால் சொற்பம். நகரக் காற்றிலும் வீட்டுக்குள்ளும் ஒரு கன சென்டிமீட்டரில் மிதக்கும் பத்தாயிரம் துகள்களில் ஏறத்தாழ எல்லாமே 1 மைக்ரானுக்கும் குறைந்தவை. அடுப்பு, வண்டி, ஊதுபத்தி ஆகியவற்றிலிருந்து வருபவை. ஒட்டுதல் பெரும்பாலும் இவற்றில்தான் நடக்கிறது.

காரணம் இதுதான். காற்றில் ஒரு மூலக்கூறு அடுத்த மோதலுக்கு முன் செல்லும் சராசரித் தொலைவு ஏறத்தாழ 66 நானோமீட்டர். துகள் இந்தத் தொலைவைவிட மிகச் சிறியதாக இருந்தால், பொலோனியக் கொத்து நேராகப் பாய்ந்து வந்து மோதுகிறது. அப்போது மோதும் வாய்ப்பு துகளின் பரப்புக்கு, அதாவது விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். துகள் மிகப் பெரியதாக இருந்தால், கொத்து வழியெங்கும் காற்று மூலக்கூறுகளில் இடிபட்டு மெதுவாக விரவி வந்து சேர வேண்டும். அப்போது வாய்ப்பு விட்டத்துக்கு மட்டுமே ஏற்ப உயரும். ஆகவே துகள் பத்து மடங்கு பெரிதானால் அதன் எடை ஆயிரம் மடங்காகிறது, பிடிக்கும் திறனோ பத்து மடங்குதான் கூடுகிறது. ஒரே எடையுள்ள தூசி, பெரிய மணிகளாக இருப்பதைவிட நுண்ணிய புகையாக இருக்கும்போது பன்மடங்கு அணுக்களைப் பிடிக்கும். இந்த இரு எல்லைகளுக்கும் நடுவே, 100 முதல் 400 நானோமீட்டர் வரை உள்ள துகள்களில்தான் சேய் அணுக்களின் கதிரியக்கம் பெரும்பாலும் தங்கியிருப்பதை அளவீடுகள் காட்டுகின்றன.

எண்ணிக்கையையும் ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். உலக அளவில் வீட்டுக்காற்றின் சராசரி ரேடான் அளவாகச் சொல்லப்படுவது ஒரு கன மீட்டருக்கு 40 பெக்கரல் (ஒரு பெக்கரல் என்றால் நொடிக்கு ஓர் அணு சிதைகிறது என்று பொருள்). அந்த அளவில் ஒரு கன சென்டிமீட்டரில் சுமார் 19 ரேடான் அணுக்கள் இருக்கும். பொலோனியம்-218 இன் அரைவாழ்வு 3.1 நிமிடமே என்பதால், சேய்கள் எவையும் சுவரில் படியாவிட்டாலும் ஏறத்தாழ 90 கன சென்டிமீட்டருக்கு ஓர் அணுதான் இருக்கும். பத்து லட்சம் தூசித் துகள்களுக்கு ஒரு பொலோனியம் அணு என்ற விகிதம் இது. எனவே தூசி முழுவதும் கதிரியக்கமாகிவிடும் என்ற அச்சம் வேண்டாம். மிகச் சில துகள்கள் மட்டுமே ஒவ்வோர் அணுவைச் சுமக்கின்றன.

தருமபுரி ஆய்வு மாணவர் எழுதியது:

டீச்சர் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். காற்றுத் துகள்களைப் பற்றிய ஆய்வில் இருப்பதால் சில அளவுகளைத் தருகிறேன்.

ஒரு கன சென்டிமீட்டரில் பத்தாயிரம் துகள்கள் இருக்கும் சாதாரண அறையில், புதிதாகப் பிறந்த பொலோனியக் கொத்து ஏதாவது ஒரு துகளில் ஒட்டுவதற்குச் சராசரியாக ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகிறது. பொலோனியத்தின் சராசரி வாழ்நாள் நாலரை நிமிடம் என்பதால், பெரும்பாலானவை சிதையும் முன்பே ஒட்டிவிடுகின்றன. அதே அறையில் துகள்கள் ஆயிரமாகக் குறைந்தால், ஒட்டுவதற்குப் பன்னிரண்டு நிமிடம் வரை தேவைப்படும். அதற்குள் பல சுவரில் படிந்துவிடும், பல ஒட்டாமலேயே சிதைந்துவிடும். இவ்வாறு துகளில் ஒட்டாமல் தனிக் கொத்தாக நிற்கும் பகுதியைத்தான் ஒட்டாத பங்கு என்கிறோம். ஜெர்மனியின் போர்ஸ்டென்டோர்ஃபர் தந்த ஒரு எளிய வாய்பாட்டின்படி, ஏறத்தாழ 400 ஐ ஒரு கன சென்டிமீட்டரில் உள்ள துகள் எண்ணிக்கையால் வகுத்தால் இந்தப் பங்கு கிடைக்கும். பத்தாயிரம் துகள் என்றால் 4 விழுக்காடு. துகள் எண்ணிக்கை மிகக் குறைந்த காற்றில் இந்த வாய்பாடு பொருந்தாது.

இப்போது சுவரைப் பார்ப்போம். ஒட்டாத கொத்துகள் சுவர், தரை, தட்டுமுட்டுச் சாமான்கள் ஆகியவற்றில் படியும் வேகம், துகளில் ஒட்டியவற்றைவிட ஏறத்தாழ நூறு மடங்கு அதிகம். துகளில் ஒட்டியவை மணிக்கணக்கில் மிதந்துகொண்டே இருக்கும். ஆகவே அறையில் புகை கூடினால் இரண்டு மாற்றங்கள் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன: ஒட்டாத பங்கு குறைகிறது, ஆனால் சுவரில் படிந்து ஒழிந்திருக்க வேண்டிய அணுக்களும் புகைத்துகளில் ஏறி மிதப்பதால், காற்றில் உள்ள சேய் அணுக்களின் மொத்த அளவு உயர்கிறது. இந்த மொத்தத்தைச் சமநிலைக் காரணி என்ற எண்ணால் குறிக்கிறார்கள். சேய்கள் எதுவுமே படியாமல் மிதந்தால் அது 1. வீட்டுக்குள் 0.4, வெளியில் 0.6 என்பவை ஐக்கிய நாடுகளின் கதிரியக்க விளைவுகள் அறிவியல் குழு பயன்படுத்தும் பொது மதிப்புகள். புகை மண்டிய மூடிய அறையில் இது 0.4 ஐத் தாண்டிப் போகும். மத்திகிரி நண்பர் இரண்டு விதமாகவும் படித்ததன் காரணம் இதுதான். ஒருவர் ஒட்டாத பங்கை மட்டும் பார்த்து எழுதியிருப்பார், மற்றவர் மொத்தத்தை மட்டும் பார்த்து எழுதியிருப்பார்.

எனக்கு மிகவும் வியப்பளிக்கும் ஒரு செய்தியையும் சேர்த்துவிடுகிறேன். துகளில் ஒட்டிய பொலோனியம்-218 சிதைந்து காரீயம்-214 ஆகும்போது, மறுபடியும் அதே உதை. பொலோனியம் துகளின் மேற்பரப்பில் இருக்கிறது, துகளும் மிகச் சிறியது; ஆகவே பிறக்கும் காரீய அணுக்களில் ஐந்தில் நான்கு பங்கு வரை துகளைவிட்டுப் பிய்த்துக்கொண்டு காற்றில் பாய்கின்றன. அவை மீண்டும் தனிக் கொத்தாகி, மீண்டும் ஏதாவதொரு துகளைத் தேடி ஒட்ட வேண்டும். அடுத்து வருவது பீட்டா சிதைவு. அதில் உதையின் ஆற்றல் மிகக் குறைவு என்பதால் காரீயத்திலிருந்து பிறக்கும் பிஸ்மத்-214 ஒட்டிய இடத்திலேயே இருந்துவிடுகிறது. ஒட்டுவது, பிய்வது, மறுபடி ஒட்டுவது என்ற இந்தத் தொடரைக் கணக்கில் எடுக்காத எந்தக் கணிப்பும் ஒட்டாத காரீயத்தின் அளவைக் குறைத்தே காட்டும்.

மத்திகிரி வாசகர் எழுதியது:

மிக்க நன்றி. ஆனால் முடிவாக எனக்கு வேண்டியது கிடைக்கவில்லை. ஒட்டாத பங்கு குறைவதும் மொத்தம் கூடுவதும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுமா? நுரையீரலுக்கு எது அதிகக் கேடு?

பாலக்கோடு செவிலியர் எழுதியது:

இதற்கு நுரையீரலின் பக்கத்திலிருந்து பதில் சொல்ல முயல்கிறேன்.

1 நானோமீட்டர் கொத்துகளின் விரைவான அலைச்சலே அவற்றை மூக்கிலும் தொண்டையிலும் கணிசமாகப் படியச் செய்துவிடுகிறது. அங்கே தப்பியவை மூச்சுக்குழலின் முதல் சில கிளைகளில் படிகின்றன. வாயால் மூச்சு விடுபவர்களுக்கு இது இன்னும் கூடும். 200 நானோமீட்டர் துகளோ எல்லா அளவுகளிலும் மிகக் குறைவாகப் படியும் அளவு. விரவிச் சென்று படிய அது பெரிது, மோதியோ கனத்தால் இறங்கியோ படிய அது சிறிது. ஆகவே உள்ளே போனதில் பெரும்பகுதி திரும்ப வெளியே வந்துவிடும். படிவதும் நுரையீரலின் ஆழத்தில் பரவலாகப் படிகிறது.

ஆல்பா துகள் திசுவுக்குள் செல்லும் தொலைவு மிகக் குறைவு: பொலோனியம்-218 இன் ஆல்பாவுக்கு 50 மைக்ரானுக்குச் சற்றுக் குறைவு, பிஸ்மத்-214 சிதைந்து பிறக்கும் பொலோனியம்-214 இன் ஆல்பாவுக்கு 70 மைக்ரான் அளவு. மூச்சுக்கிளைகளின் உட்சுவரில் புற்றுநோய்க்கு இடமாகும் செல்கள் அது எட்டும் தொலைவுக்குள்தான் இருக்கின்றன. சளிப்படலம் மேல்நோக்கி நகர்ந்து அழுக்கை அகற்றும் வேலையைச் செய்தாலும், காரீயம்-214 இன் அரைவாழ்வு 27 நிமிடம், பிஸ்மத்-214 இன் அரைவாழ்வு 20 நிமிடம் என்பதால் பெரும்பாலானவை அகற்றப்படும் முன்பே அங்கேயே சிதைந்துவிடுகின்றன. அதனால்தான் ஒரே அளவு கதிரியக்கத்தில் ஒட்டாதது, ஒட்டியதைவிடப் பல மடங்கு அதிக ஏற்பளவை, அதாவது திசு ஏற்கும் கதிர்வீச்சின் அளவை, மூச்சுக்கிளைகளுக்குத் தருகிறது.

ஆகவே ரேடான் கணக்கில் மட்டும் பார்த்தால், புகையால் வரும் கூடுதலும் குறைவும் ஓரளவு ஈடாகிவிடும் என்பது சரியே. ஆனால் அந்த ஈடுகட்டலை நம்பிக் கொசுவர்த்தி கொளுத்துவது எந்த வகையிலும் ஏற்கத்தக்கதன்று. ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுதாக எரிந்தால் வெளியிடும் நுண்துகள்களின் எடை 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடுவதற்குச் சமம் என்று 2003 இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. மூடிய படுக்கையறையில் குழந்தைகளை வைத்துக்கொண்டு அதை எரிப்பதைக் காணும்போதெல்லாம் நான் தடுத்துச் சொல்வேன், இங்கும் சொல்கிறேன். கொசுவலை போதும். அதோடு, புகைபிடிப்பவருக்கு ரேடானால் வரும் கூடுதல் ஆபத்து, புகைபிடிக்காதவருக்கு வருவதைவிடப் பல மடங்கு என்பதையும் நினைவில் வையுங்கள்.

பர்கூர் ஐயாவுக்கும் ஒரு வார்த்தை. திறந்தவெளிக் குவாரியில் ரேடான் தேங்குவதில்லை. காற்று அதை உடனுக்குடன் அடித்துச் சென்றுவிடும். 1879 இல் ஹார்ட்டிங், ஹெஸ்ஸே என்ற மருத்துவர்கள் நுரையீரல் கட்டி என்று பதிவு செய்த, ஜெர்மனியின் ஷ்னேபெர்க் ஊர்த் தொழிலாளர்கள் நிலத்தடிச் சுரங்கத்தில், காற்றோட்டமற்ற இடத்தில் உழைத்தவர்கள். உங்கள் ஆட்களுக்கு ஆபத்து கல்தூசியில் உள்ள படிகச் சிலிக்கா. அது சிலிக்கோசிஸ் நோயைத் தரும். காசநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும். 1997 முதல் அதுவும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் சேர்க்கப்பட்டிருக்கிறது. தண்ணீர் விட்டுத் துளையிடுவதும், பொருத்தமான முகமூடியும், ஆண்டுதோறும் மார்பு எக்ஸ்ரேயும் அவர்களுக்குக் கட்டாயம் வேண்டும். இதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

பர்கூர் குவாரி மேற்பார்வையாளர் எழுதியது:

சிஸ்டர் சொன்னதை ஏற்கிறேன். ஈர முறைத் துளைப்புக்கு முதலாளியிடம் கேட்டு வருகிறேன். இந்தப் பதிவையும் அச்செடுத்துக் காட்டுவேன். கல்லைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மத்திகிரி நண்பர் வீட்டில் போட்டிருப்பது கருப்புக் கல்லா, சிவப்புக் கல்லா? வியாபாரத்தில் எல்லாவற்றையும் கிரானைட் என்றே விற்கிறோம், ஆனால் எங்கள் பக்கத்துக் கருப்புக் கல் டோலரைட் வகை. இளஞ்சிவப்பில் அலையலையாக ஓடும் பாரடைசோ, நைஸ் என்ற உருமாறிய பாறை வகை. இரண்டிலும் இந்தக் கதிரியக்கம் ஒரே அளவுதானா?

தருமபுரி ஆய்வு மாணவர் எழுதியது:

ஒரே அளவு இல்லை. டோலரைட்டில் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் மூன்றுமே குறைவு. இளஞ்சிவப்புப் பாறைகளில் பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பாரோடு தோரியமும் யுரேனியமும் பொதுவாகக் கூடுதலாக இருக்கும். ஆனாலும் கல்லுக்குள் ரேடியம் இருப்பது வேறு, ரேடான் வெளியே வருவது வேறு. ரேடியம்-226 சிதையும்போது பிறக்கும் ரேடான் அணுவும் உதைபட்டுத்தான் நகர்கிறது. திடப்பொருளுக்குள் அந்த உதை சில பத்து நானோமீட்டர் தூரமே தள்ளும். எனவே மணியின் விளிம்பிலோ நுண்வெடிப்பின் ஓரத்திலோ பிறந்த ரேடான் மட்டுமே தப்பி வரும். இரண்டு சென்டிமீட்டர் கனத்தில், இறுக்கமாக, மெருகேற்றிய பலகையிலிருந்து வருவது பொதுவாகச் சொற்பம்.

வீட்டுக்குள் வரும் ரேடானின் பெரிய ஊற்று வீட்டின் அடியில் உள்ள மண். மண்துளைகளில் உள்ள காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஆயிரக்கணக்கில், பல இடங்களில் பல்லாயிரக்கணக்கில் பெக்கரல் ரேடான் இருக்கும். தரை வெடிப்பு, குழாய் நுழையும் இடம், மூடாத சம்ப் ஆகியவற்றின் வழியே அது ஏறி வருகிறது. குளிர்காலத்தில் வீட்டுக்குள் வெளியைவிடச் சற்றுச் சூடாக இருப்பதால் உள்ளிருக்கும் காற்று மேலெழ, கீழிருந்து மண்காற்று இழுக்கப்படுகிறது. ஆழ்துளைக் கிணற்று நீரிலும் ரேடான் கரைந்து வரும். பாறை வெடிப்புகளிலிருந்து நேராக வரும் நீரில் அது கூடுதல். இருந்தாலும் நீரில் உள்ளதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் வீட்டுக்காற்றின் அளவில் சேரும் என்பது பொதுவான மதிப்பீடு. மேல்நிலைத் தொட்டியில் ஏற்றி வைத்திருந்து பயன்படுத்தும் நம் வழக்கத்தில் பெருமளவு அங்கேயே வெளியேறிவிடும்.

பென்னாகரம் வாசகி எழுதியது:

எங்கள் ஊரில் இன்னும் பல வீடுகள் மண்சுவர் வீடுகள்தான். என் பெற்றோர் இருப்பதும் அப்படி ஒரு வீடு. கிரானைட் இல்லை என்பதால் எங்களுக்கு இந்தக் கவலை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? இரவில் பாயைச் சுவரோரம் விரித்துப் படுப்பார்கள், விறகடுப்பும் உள்ளேதான்.

காவேரிப்பட்டணம் இயற்பியல் ஆசிரியை எழுதியது:

அம்மா, மண்சுவர் வீட்டில் கவனிக்க வேண்டியது தோரான் என்ற ரேடான்-220. அது தோரியத்தின் வழியில் வருவது; அரைவாழ்வு 55.6 நொடி மட்டுமே. ஆகவே மண்ணின் ஆழத்திலிருந்து அது வந்து சேர முடியாது. பூசாத மண்சுவரின் மேல்பரப்பிலிருந்தும் மண்தரையிலிருந்தும் வந்து, சில பத்து சென்டிமீட்டருக்குள் பெரும்பாலும் சிதைந்துவிடும். அறை நடுவில் அது மிகக் குறைவாக இருக்கும், சுவரோரத்தில் கூடுதல்.

இதன் சேய்களில் முக்கியமானது காரீயம்-212; அதன் அரைவாழ்வு 10.6 மணி நேரம். அவ்வளவு நேரம் இருப்பதால் அது நிச்சயமாக ஒரு துகளில் ஒட்டிவிடும். விறகடுப்புப் புகையில் துகள் எண்ணிக்கை ஒரு கன சென்டிமீட்டருக்கு லட்சத்தையும் தாண்டக்கூடும் என்பதால் அது நொடிகளிலேயே நடந்துவிடும். பிறகு அது சுவரோரம், நடு அறை என்ற வேறுபாடின்றி வீடு முழுவதும் புகையோடு பரவும். எனவே சுவரைவிட்டுத் தள்ளிப் படுப்பதால் தோரானைத் தவிர்க்கலாம், அதன் காரீயத்தைத் தவிர்க்க முடியாது. அதற்குக் காற்றோட்டமும் புகை வெளியேற வழியும் தேவை. சுவரைச் சுண்ணாம்புக் காரையோ சிமெண்டோ கொண்டு பூசி வண்ணம் அடித்தால், தோரான் அந்தப் பூச்சைக் கடந்து வருவதற்குள்ளேயே பெரும்பாலும் சிதைந்துவிடும். ரேடானுக்கு இது போதாது, தோரானுக்கு நன்றாகவே பலிக்கும்.

மத்திகிரி வாசகர் எழுதியது:

எங்கள் வீட்டில் போட்டிருப்பது கருப்புக் கல். கவலை பாதி குறைந்தது. கொசுவர்த்தியை நிறுத்திவிட்டு, காற்றைச் சுத்தப்படுத்தும் ஏர் பியூரிபையர் ஒன்று வாங்கலாமா என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம். துகளையே அகற்றிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் அல்லவா?

தருமபுரி ஆய்வு மாணவர் எழுதியது:

முழுவதும் தீராது; ஏன் என்பது இந்த இழையின் அடிப்படையிலிருந்தே வருகிறது. வடிகட்டி துகளோடு ஒட்டிய சேய்களை அகற்றும். ஆனால் ரேடான் வாயு வடிகட்டியில் நிற்காது. அது தொடர்ந்து சிதைந்து புதிய பொலோனியத்தைப் பிறப்பித்துக்கொண்டே இருக்கும். துகள் குறைந்த காற்றில் அந்தப் பொலோனியத்துக்கு ஒட்ட இடமில்லை. ஒட்டாத பங்கு உயர்கிறது. மொத்தம் பாதிக்கும் மேல் குறைந்தாலும், மூச்சுக்கிளைகளுக்கான ஏற்பளவு அதே விகிதத்தில் குறைவதில்லை. புகைக்காகவும் சாலைத் தூசிக்காகவும் அந்தக் கருவியை வாங்குவது நியாயமானது. ரேடானுக்காக வாங்கினால் எதிர்பார்த்த பலன் இராது.

மின்விசிறிக்கு ஓரளவு பலன் உண்டு. அது காற்றைச் சுழற்றி ஒட்டாத கொத்துகளைச் சுவரிலும் இறக்கைகளிலும் படியவைக்கிறது. துகளை அகற்றாமலேயே மொத்தத்தைக் குறைக்கிறது. எல்லாவற்றையும்விட மேலானது தாய் வாயுவையே வெளியேற்றுவது. மூடிய வீட்டில் காற்று முழுதாக மாற இரண்டு மணி நேரம் ஆகலாம். எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்தால் சில நிமிடங்களில் மாறிவிடும். குளிருக்கு அஞ்சி இரவில் மூடினாலும் காலையிலும் படுக்கும் முன்பும் கால் மணி நேரம் திறந்துவிடுங்கள். தரையோடு குழாய் சேரும் இடங்களையும் சம்ப் மூடியையும் அடைத்துவிடுங்கள்.

மத்திகிரி வாசகர் எழுதியது:

அப்படியே செய்கிறோம். இருந்தாலும் அளந்து பார்க்காமல் மனம் அமைதியடையாது. எதை, எப்படி அளக்கச் சொல்ல வேண்டும்?

தருமபுரி ஆய்வு மாணவர் எழுதியது:

நம் நாட்டில் ஆய்வாளர்கள் பரவலாகப் பயன்படுத்துவது எல்ஆர்-115 என்ற நைட்ரோசெல்லுலோஸ் படலம் வைத்த சிறு குப்பி. அதன் ஊசித்துளை வடிவத்தைப் பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கியது. ஆல்பா பட்ட தடங்களைக் காரக் கரைசலில் அரித்து எண்ணுவார்கள். குப்பியின் வாயிலில் உள்ள வடிதாளில் சேய் அணுக்கள் எல்லாம் ஒட்டிக்கொள்ள, வாயு மட்டும் உள்ளே போகும். ஆகவே அது காட்டுவது ரேடானின் அளவு. மூன்று மாதம் தொங்கவிட வேண்டும், குளிர்காலத்தை உள்ளடக்கினால் நல்லது. சுவரைவிட்டு ஒரு முழமாவது தள்ளி, படுக்கும் அறையில், மூச்சு விடும் உயரத்தில் வையுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2009 இல் பரிந்துரைத்த வழிகாட்டு அளவு கன மீட்டருக்கு 100 பெக்கரல். அதை எட்ட முடியாத நாடுகளிலும் 300 ஐத் தாண்டக் கூடாது என்றது.

சேய்களை நேரடியாக அளக்கும் படலங்களும் அதே மையத்தின் வழியில் வந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றைத் திறந்தபடியும், மற்றொன்றை நுண்ணிய கம்பி வலையால் மூடியும் வைப்பார்கள். 1 நானோமீட்டர் கொத்துகள் வலையின் கம்பிகளுக்கு விரவிச் சென்று அங்கேயே ஒட்டிவிடும். துகளில் ஏறியவை வலையைக் கடந்து படலத்துக்கு வரும். இரண்டின் வேறுபாடே ஒட்டாத பங்கு. உங்கள் வீட்டில் குப்பி வைக்க வருபவர்களிடம் இந்த இணையையும் கேட்டுப் பாருங்கள். ஊதுபத்தி ஏற்றும் பூசையறையில் ஒன்றும், ஏற்றாத படுக்கையறையில் ஒன்றும் வைத்தால், இங்கே நாம் பேசியதை உங்கள் வீட்டு எண்களிலேயே பார்த்துவிடலாம். முடிவு வந்ததும் இந்த இழையிலேயே பதிவிடுங்கள். பென்னாகரம் அக்கா வீட்டு மண்சுவர் அறையிலும் ஒன்று வைக்க அவர்கள் சம்மதித்தால் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும்.

பென்னாகரம் வாசகி எழுதியது:

சம்மதம். வரும் கார்த்திகையில் வைத்துத் தையில் எடுக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். சுவர் பூசும் வேலையை அதற்குப் பிறகே தொடங்கச் சொல்கிறேன். பூசிய பின்னும் ஒருமுறை அளந்துவிடலாம்.